தாழ்ப்பாள் போட்ட துப்பாக்கி



திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-இல் நம் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, மாங்காய்ப் பூட்டு போட்ட பழைய மரப்பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவை துடைத்து வைத்திருப்பார்கள். ஆனால் பூட்டுக்கு உள்ளே இருக்கும் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று எழுதப்போவது அப்படிப்பட்ட ஒரு பொருளைப் பற்றி: லைசென்ஸ் உள்ள ரைபிளை நெடுநாளைக்குப் பத்திரமாக எடுத்து வைப்பது எப்படி?

“குமாஸ்தாவுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, கலெக்டர் ஆபீசில் நான் நாலு வருஷம் பார்த்த ஆயுத லைசென்ஸ் சீட். 1985 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த கோப்புகளில் இந்த லைசென்ஸ் கோப்புகளும் உண்டு. பின்னாளில் அவை என் மேஜைக்கு வந்தன. இரண்டாவது, எங்கள் பெரியப்பா. நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இந்தோசீனா வரை போய் வந்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் ரைபிளைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

போல்ட் ஆக்ஷன் ரைபிளைப் பிரெஞ்சில் ‘ஃப்யூசி ஆ வெரூ’ என்பார்கள். வெரூ என்றால் தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்கு எப்படிக் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, கீழே மடக்குவோமோ அதே வேலைதான் இதிலும். தூக்கி இழுத்தால் கதவு திறக்கும். தள்ளினால் ஒரு தோட்டா குழலின் பின்பக்க அறைக்குள் போகும். மடக்கினால் கதவு பூட்டிக்கொள்ளும். அந்த அறைக்குப் பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’ என்று பெயர். வீட்டில் நாம் படுக்கும் அறைக்கும் அதே சொல்தான். பெரியப்பா சொல்லுவார்: “அறைக்குள்ள ஆள் இருக்கா இல்லையான்னு கதவைத் திறந்து பார்க்காம சொல்லக் கூடாதுடா.” அவர்கள் தூக்கிய மாஸ்-36 ரைபிளில் சேஃப்டி கேட்ச்சே கிடையாது. சேஃப்டி இல்லை என்பதால் அறையைக் காலியாக வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. சேஃப்டி இருக்கிற துப்பாக்கிக்கும் அதுதான் சரியான பழக்கம்.

நம் பக்கத்தில் லைசென்ஸ் வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழி மருந்து கிட்டிக்கிற துப்பாக்கிக்குத் தனியாகவே இடம் கொடுக்கிறது. சிறுமலை அடிவாரத்திலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் பன்றி வந்து கிழங்கையும் கடலையையும் கிண்டிவிட்டுப் போன காலையைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். போல்ட் ரைபிள் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எஸ்டேட்காரர்கள், பழைய பண்ணை வீட்டுக்காரர்கள். .303 போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரிய தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் பொதுஜனத்துக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .315 என்ற ரகத்தைச் செய்து விற்றது. பார்வைக்கு .303-க்குத் தம்பி மாதிரி இருக்கும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை நின்றுபோனது. துப்பாக்கிகள் மட்டும் பீரோவில் நின்றன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ரின்யூவலுக்கு வெளியே வரும், மறுபடி உள்ளே போகும்.

அப்படி நின்ற ஒன்று என் மனைவியின் அண்ணன் வீட்டில் இருந்தது. மச்சானுக்கு அவர் அப்பா வழியாக வந்த .315. நத்தம் ரோட்டுப் பக்கம் தோட்டம். மச்சான் அதைக் கடைசியாக எப்போது சுட்டார் என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. 2022 ஆடியில் அவர் காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்து, பேங்க், பட்டா, பென்ஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

“தம்பி, அந்த பீரோவுல அது ஒண்ணு நிக்குது. ராத்திரி தூக்கமே வரல. பேரப்பிள்ளைங்க லீவுக்கு வந்தா சாவியத் தேடி எடுத்துர்றானுங்க. பேசாம தோட்டத்துக் கிணத்துல போட்டுறட்டுமா?”

பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் போனில் நேர்மாறாகச் சொன்னான். “மாமா, அது தாத்தா கையில இருந்தது, அப்பா கையில இருந்தது. அதை மட்டும் யாருக்கும் குடுத்துறாதீங்க. அப்படியே இருக்கட்டும், நான் வந்து பார்த்துக்கிறேன்.”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் இரண்டு பேர் கேட்டதும் செய்ய முடியாத காரியம். லைசென்ஸ் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. லைசென்ஸ்தாரர் கண்ணை மூடிய நாளிலிருந்து அந்த வீட்டில் அது இருப்பதற்குச் சட்டப்படி உரிமை இல்லை. 21-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: காலதாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாரிசு லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால், ஒப்படைப்பில் இருக்கும்போதே உரிமை உள்ளவருக்கு விற்கலாம். விதித்த காலத்துக்குள் ஒன்றும் செய்யாவிட்டால்தான் அது அரசுக்குப் போகும். கிணற்றில் போடுவது மட்டும் கூடவே கூடாது. நாளை தூர் வாரும்போது யார் கையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? எண் போட்ட துப்பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியது அக்காதான்.

நான் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுக்கச் சொன்னேன். அப்புறம் ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தாரைக் கூட்டிக்கொண்டு போனேன். குறித்த நாளில் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மருமகனும் வந்திருந்தான். பீரோவைத் திறக்கும்போது அக்கா சொன்னார்கள், “காலியாத்தான் இருக்கு தம்பி. அவர் எப்பவும் தோட்டாவைத் தனியாத்தான் வெப்பாரு.” மருமகனும் தலையாட்டினான். ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. எல்லோரையும் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, குழலை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, முதலில் மேகசினைக் கழற்றினார். காலி. போல்ட்டைத் தூக்கினார். துருவில் இறுகி இருந்தது. இரண்டாம் முறை மெதுவாக இழுத்தார்.

பச்சை பூத்த பித்தளைத் தோட்டா ஒன்று வெளியே வந்து தரையில் உருண்டது.

எத்தனை வருஷமாக அது உள்ளே இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர் இப்போது இல்லை. அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள். மருமகன் தோட்டாவைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த அவன் பிள்ளைகளின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகசின் காலி என்றால் துப்பாக்கி காலி என்று நினைப்பது எவ்வளவு சுலபம்! மேகசின் வேறு, அறை வேறு. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார். நீங்கள் பார்க்காமலே மறக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ரைபிளை முறைப்படி ஒரு ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்தோம். நெடுநாள் அங்கே இருக்கும் என்பதால் அங்கேயே ஹவில்தார் அதைத் தயார் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். குமாஸ்தா புத்தி போகுமா?

முதல் வேலை, மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, வெளிச்சத்தில் அறையைக் கண்ணால் பார்ப்பது, பிறகு சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பது. கண் ஏமாறும், விரல் ஏமாறாது. அந்த மேஜையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பார்த்தவர் கையை விட்டுத் துப்பாக்கி வேறு கைக்குப் போனால் அவரும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, போல்ட்டை முழுதாக வெளியே எடுப்பது. போல்ட்டில் பொறித்த எண்ணும் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றா, லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு போல்ட்டும் தன் துப்பாக்கிக்கென்றே பொருத்தியது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் பூட்டு மாறிய சாவி கதைதான், ஆனால் இதில் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது, குழல். பின்பக்கத்திலிருந்துதான் கழியை விட வேண்டும். முன்வாயில் கழி உரசினால் குறி கெடும். அந்தக் கழிக்குப் பிரெஞ்சில் ‘பகெத்’ என்று பெயர் என்றேன். புதுச்சேரியில் நீள ரொட்டிக்குச் சொல்கிற அதே பெயர். ஹவில்தார் சிரித்துவிட்டு, “எங்களுக்குக் கயிறுதான் சார், புல்த்ரூ” என்றார். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஞாபகம் வரும்: ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனைக் கண்ணியில் நாலுக்கு இரண்டு அங்குல ‘சிந்தி’ துணி. பழைய தோட்டாக்களில் பொறி கிளப்பும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். சாப்பாட்டு உப்புக்கு உறவு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து இரும்பைத் தின்னும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் சுட்டதும் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். நம் ரைபிளுக்கும் அதைச் செய்து, சூடு ஆறுமுன் துணியால் உலர்த்தி, பிறகு சால்வென்ட்டும் வெண்கல பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தார். துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை. எண்ணினேன், இருபத்தாறு துணி ஆனது.

நான்காவது, எண்ணெய். மச்சான் பீரோவில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் எண்ணெய்தான் சரியில்லை. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டுமே நாளாக ஆகச் சிக்குப் பிடித்துப் பிசினாகும். போல்ட் இறுகியதற்குப் பாதிக் காரணம் அதுதான். கனிம எண்ணெய்தான் வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு என்றால் நல்ல துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாகப் போதும். வருஷக்கணக்கில் என்றால் கிரீஸ் மாதிரி கெட்டியாக இருப்பது வேண்டும். பட்டாளத்தில் மினரல் ஜெல்லி என்பார்கள், நம் வாசலினுக்கு அண்ணன். குழலுக்குள்ளும் வெளி இரும்பிலும் மெல்லிய படலமாக. குழம்பு மாதிரி கொட்டக் கூடாது. தடவியபின் வெறுங்கையால் தொடவும் கூடாது. விரல் வேர்வையிலும் உப்புதான். ஒரு வருஷம் கழித்து உங்கள் ரேகை துருவாகத் தெரியும்.

ஐந்தாவது, கட்டை. துரு நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிடிப்பதைவிட, கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பக்கத்தில்தான் அதிகம். மரம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கட்டையைக் கழற்றி உள்பக்க இரும்புக்கும் கிரீஸ் போட்டார். இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து. அங்கே மட்டும் தாவர எண்ணெய் சரி.

ஆறாவது, சுருள் கம்பி. அறை காலி என்று மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, விசையைப் பிடித்துக்கொண்டே போல்ட்டை மடக்கினால் ஊசியின் ஸ்பிரிங் தளர்ந்து ஓய்வாக இருக்கும். வருஷக்கணக்கில் இழுபட்டபடி நிறுத்தக் கூடாது. போல்ட்டைத் தனியாக எடுத்து வேறு பெட்டியில் பூட்டி வைப்பது அதைவிட நல்லது. போல்ட் இல்லாத ரைபிள் வெறும் இரும்புக் குழாய்.

ஏழாவது, செய்யக் கூடாதவை. குழல் வாயில் பஞ்சு அடைக்கக் கூடாது. ஈரம் உள்ளே சிக்கும். மறந்துபோய் யாராவது சுட்டால் குழல் வெடிக்கும். கெட்டி கிரீஸ் இருந்தாலும் அதே ஆபத்து. ஆகவே விசைக் காவலில் ஒரு அட்டை கட்டினோம்: “குழலில் கிரீஸ் உள்ளது. துடைக்காமல் பயன்படுத்தக் கூடாது.” தேதியும் எழுதினேன். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றக் கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் வேர்த்துவிடும். தோல் உறையில் வைக்கவே கூடாது. மச்சான் ரைபிள் நின்றது நம் ஊர்த் தோலில் தைத்த அருமையான உறையில். தோல் ஷாப்புகள் நிறைந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பதனிட்ட தோலில் உப்பும் புளிப்பும் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் நிற்கும், ஈரத்தையும் குடிக்கும். உறை எங்கெங்கே ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் செந்துரு. உறை தூக்கிக்கொண்டு போகத்தான், வைப்பதற்கு அல்ல.

நம் சமவெளி வறண்டது, துரு பிடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. சித்திரையில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பீரோவுக்குள் இருக்கும் துணியே நமுத்துப் போகிறதே! காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இரும்புக்கும் மரத்துக்கும் நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே போடலாம், ஆனால் அதையும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். குழல் வாய் கீழே பார்க்க நிறுத்தினால் வழியும் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊறவைக்காது. மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டாக்கள் வேறு பூட்டு, வேறு சாவி. தோட்டாவுக்கு எண்ணெய் ஆகாது, உள்ளே கசிந்து மருந்தைக் கெடுக்கும். பழசாகிப் பச்சை பூத்ததை எரிக்கவோ உடைக்கவோ காயலான் கடையில் போடவோ கூடாது, காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மருந்தையும் ஆயுதத்தையும் பிரித்து வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. மலைக்கோட்டை ஏறியவர்கள் அங்கே தனித்து நிற்கும் வெடிமருந்துக் கிடங்கைப் பார்த்திருப்பீர்கள். 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல் ஃபவுஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பிரெஞ்சு படித்த குமாஸ்தா இந்த ஊருக்கு முதல் ஆள் இல்லை என்று நான் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வது உண்டு.

இனி, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீசில் கோப்பு முடிக்கும்போது டாட்டன்ஹாம் முறையில் ஆர்.டிஸ்., டி.டிஸ். என்று எழுதுவோம். முதலாவது நிரந்தரமாக வைக்க வேண்டியது, இரண்டாவது பத்து வருஷத்தில் அழிக்க வேண்டியது. முடிவு எழுதாத கோப்பு என்பது கிடையாது. வீட்டுத் துப்பாக்கிக்கும் முடிவு எழுத வேண்டியவர் லைசென்ஸ்தாரர்தான், அதுவும் உயிரோடு இருக்கும்போதே. 2016-ஆம் வருஷ ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இரண்டில் எது முந்தியோ அப்போதே தன் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு லைசென்ஸ் கோரலாம். வாரிசுக்கு விருப்பம் இல்லையென்றால் முறைப்படி விற்றுவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருஷமாகியிருக்கிறது. ஐந்து வருஷம் நம் வயதில் நீண்ட காலம்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்களே, அதையும் நெடுநாள் வைப்பாகவே நினையுங்கள். 2024-இல் மார்ச் 16-இல் அறிவிப்பு, ஜூன் 4-இல் முடிவு. கிட்டத்தட்ட மூன்று மாதம். அறையைப் பார்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு, அட்டை கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தால் கொடுத்த மாதிரியே திரும்பி வரும்.

மருமகன் லைசென்ஸுக்கு மனுப் போட முடிவு செய்திருந்தான். அந்தத் தோட்டா உருண்டபின் மூன்று மாதம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்புறம் ஒருநாள் போன் செய்தான். “மாமா, எனக்கு அது வேணும்னு நெனச்சது அப்பா ஞாபகத்துக்காக. ஆனா இப்ப அதைப் பார்த்தா அப்பா ஞாபகம் வரல, பிள்ளைங்க ஞாபகம்தான் வருது. வித்துரலாம்.” நான் மறுத்தும் பேசவில்லை, வற்புறுத்தவும் இல்லை. முடிவு எழுத வேண்டியவன் எழுதிவிட்டான். வியாபாரி மூலமாக லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு அது போனது. வாங்கியவர் குழலுக்குள் பார்த்துவிட்டு, “யார் சார் இவ்வளவு சுத்தமா வெச்சிருந்தது?” என்று கேட்டாராம். ஹவில்தார் என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

அந்தப் பீரோவில் அக்கா இப்போது பேரப்பிள்ளைகளின் கேரம் போர்டை வைத்திருக்கிறார்கள். சாவி கதவிலேயே தொங்குகிறது.